பிளாஸ்டிக் பிரிக்காத கால்கள்

கோத்தகிரிச் சரிவில் எல்லா வீடுகளுக்கும் கால்கள் உண்டு. மண் இளகினால் வீடு எழுந்து பள்ளி மைதானத்துக்கு நடந்துவிடும். நேசமலரின் வீடு மட்டும் ஒருமுறைகூட நடந்ததில்லை. மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற மலைக்குள் செருகியிருந்த வடிகுழாய்களை அவள் தினமும் அடைப்பெடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெருமையில் அவள் கணவன் குணாளன், வீட்டுக் கால்களில் அவற்றைச் செய்த கம்பெனி சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

மண்சரிவு எச்சரிக்கைச் சைரன் எப்போதும் அலறுவதால் இப்போதெல்லாம் தெருவில் யாரும் அதை மதிப்பதில்லை. நேசமலரின் வீடு நிற்கிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையில் வடிகுழாய்த் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது.

“தண்ணி மட்டும் வந்தா மலை நிக்கும். இப்ப மண்ணும் சேந்து வருதுங்க. கெளம்பணும்.”

“நாம நடந்தா ஊரே சிரிக்கும், மலரு.”

“சிரிக்கட்டும். சிரிக்க ஆளு இருக்கணும்ல.”

அவள் அரிவாளால் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். வீடு முனகிக்கொண்டே எழுந்து நடந்தது. குணாளன் வெட்கத்தில் தலை குனிந்திருந்தான். அவள் பின்கதவைத் திறந்து காட்டினாள். தெருவின் அத்தனை வீடுகளும் வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன.

கடைசி வீடு மைதானத்தை மிதித்த சற்று நேரத்தில் சரிவு மொத்தமாக இறங்கியது.

தன் வீட்டுக் கால்களில் ஒட்டிய சேற்றைக் குணாளன் இன்றுவரை யாரையும் கழுவ விட்டதில்லை.