அஷ்டமியில் வேண்டாம்

"இன்னைக்கே போய் வக்காலத்துல கையெழுத்துப் போட்டுடறேம்மா" என்றான் கிரிதர். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் பைக் சாவி. நிற்கப் பொறுமையில்லை அவனுக்கு.

பால் பாக்கெட்டோடு உள்ளே வந்த வத்சலா கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுடா. மது சமையல்கட்டுலதான் இருக்கா."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நோட்டீஸ் வந்தாத்தான் தெரியும்."

"வக்கீல் அவசியமா? உட்கார்ந்து பேசிப் பார்க்கலாமே."

"பேசினா டைவர்ஸுக்கு ஒத்துப்பாளா? புத்தி சரியில்லைன்னு மனு போடப்போறேன். குழந்தையும் என்கிட்ட வந்துடும். செங்கல்பட்டுல சாரதாம்பாள்னு ஒரு வக்கீல். குடும்பக் கேஸ்ல அவங்க தோத்ததே கிடையாது."

"மதுவும் அவங்ககிட்டயே போயிட்டா?"

"அதுக்குத்தான் முந்திக்கறேன். யார் முதல்ல கையெழுத்துப் போடறாங்களோ அவங்க பக்கம்தான் பேசுவாங்க. அப்புறம் எதிராளி கோடி கொடுத்தாலும் தொடமாட்டாங்க."

வத்சலா பால் பாக்கெட்டை மேஜையில் வைத்தாள். அங்கிருந்த கிரிதரின் போன் அதிர்ந்தது. திரையில் 'பிரபா'. அவன் வேலை பார்க்கும் மாமல்லபுரம் ரிசார்ட்டில் ரிசப்ஷனிஸ்டாக இருப்பவள். வத்சலா அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போனை அவனிடம் நீட்டினாள்.

"நீதாம்மா முதல் சாட்சி. கூடவே இருந்து பார்க்கறவ நீதானே?"

"பார்த்ததைச் சொல்றேன். அதுக்கென்ன?"

சுவரில் தொங்கிய காலண்டரில் தேதித் தாளைக் கிழித்தவள், "ஐயோ, இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. இதுல தொட்டது இழுத்துண்டே போகும். வியாழக்கிழமை தசமி. அன்னிக்குப் போ" என்றாள்.

"ரெண்டு நாளா?"

"ஜெயிக்கணுமா, வேண்டாமா?"

பைக் வாங்கியதுகூட அம்மா பார்த்துச் சொன்ன நாளில்தான். கிரிதர் சாவியை ஆணியில் மாட்டினான்.

"ஏய் மது, அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பு" என்று வத்சலா உள்ளே பார்த்து அதட்டினாள். "அஷ்டமி. பைரவருக்கு விளக்குப் போடணும். முகத்தைத் தூக்கி வெச்சுக்காம வா."

அம்மா நம்ம பக்கம் என்று கிரிதர் நிம்மதியாகப் பிரபாவுக்குப் போன் போட்டான்.

வியாழக்கிழமை திருக்கழுக்குன்றத்திலிருந்து பைக் பறந்தது. ஒன்பதரைக்கெல்லாம் அவன் செங்கல்பட்டில், சாரதாம்பாளின் ஆபீஸில் இருந்தான். குமாஸ்தா மோகன் ஃபைலைத் திறந்தார். பெயரைப் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம் உங்க கேஸை எடுக்கமாட்டாங்க சார்."

"ஃபீஸ் எவ்வளவானாலும்..."

"அது இல்ல சார். உங்க ஒய்ஃப் செவ்வாக்கிழமையே வந்து கையெழுத்துப் போட்டுகினு போயிட்டாங்க."

"சான்ஸே இல்லை. அவளுக்கு விஷயமே தெரியாது. செங்கல்பட்டுக்குத் தனியா வந்ததுகூடக் கிடையாது."

"தனியா இன்னா தனியா? கூடவே ஒரு பெரியம்மா. 'நான்தான் முதல் சாட்சி, எழுதிக்கோ'ன்னு எதிர்ல குந்திகினாங்க. அஷ்டமியாச்சே, வியாழக்கிழமை வாங்களேன்னு நான்கூடச் சொல்லிப் பார்த்தேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?" என்றான் கிரிதர்.

"'அஷ்டமி எல்லாம் என் பிள்ளைக்குத்தான்பா. நீ பேனாவைக் கொடு'ன்னாங்க சார்."