தேய்ந்த பேரிங்

"மறுபடியும் சத்தமா சார்?" ஜீப்காரர் திரும்பி வந்ததைப் பார்த்ததும் மெக்கானிக் பதறி எழுந்தான். அவருடைய பழைய ஃபோர்-வீல் டிரைவ் ஜீப்புக்கு நேற்றுதான் டிஃபரன்ஷியல் பேரிங்குகளை மாற்றியிருந்தான்.

"சத்தமே இல்லப்பா. கழட்டின பழசையே திரும்ப மாட்டிடு."

"அது சுத்தமா தேஞ்சு போச்சு சார்! வண்டி தெருமுனையில வரும்போதே ஊளையிடுமே!"

"அதான் வேணும்." ஜீப்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க வீடு ரொம்ப அமைதியான வீடுன்னு இத்தனை வருஷமா பெருமையடிச்சுக்கிட்டிருந்தேன். நேத்து சத்தமில்லாம போய் இறங்கினா, உள்ள பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

"நல்லதுதானே சார்?"

"நான் வாசல்ல நிக்கிறதைப் பார்த்ததும் வீடே கப்சிப். சின்னவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா."

மெக்கானிக்கின் பார்வை மூலையில் கிடந்த பழைய பேரிங்குகள் பக்கம் போனது.

"பழசையே போடு. பாவம், சிரிச்சு முடிக்கவாவது அவங்களுக்கு நேரம் வேணாமா?"