லுக் ஆஃப்டருக்கு ஒரு மாமியார்

நாளைக்கு வருகிறேன் என்றாள் பொற்கொடி.

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கரூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. தூத்துக்குடியிலிருந்து ராத்திரி பஸ். விடிந்ததும் முதலில் உங்கள் வீடு, அப்புறம்தான் விசேஷம். உங்கள் குடும்பத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன். 'லுக் ஃபார்வர்ட் டு'.

பிசகே இல்லாத வாக்கியம்.

இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் போன் காதில் சுட்டது.

ஆன்லைன் ஆங்கில வகுப்பில் சேர்ந்த அன்றே சார் சொல்லிவிட்டார். தினம் ஒரு வினைச்சொல் வரும். அதன் வாலில் ஒட்டுகிற குட்டிச் சொற்களையும் சேர்த்து வாக்கியம் அமைக்க வேண்டும். சாயங்காலம் ஜோடிக்குப் போனில் சொல்ல வேண்டும். சொந்த வீட்டு வாக்கியமாக இருக்க வேண்டும். தமிழ் கூடவே கூடாது.

பேச ஒரு ஆள் கொடுப்பார்கள் என்றுதான் இவள் சேர்ந்தாள். கிடைத்த ஜோடி பொற்கொடி.

முதல் நாள் வந்தது 'லுக்'.

ஐ லுக் ஆஃப்டர், என்று ஆரம்பித்தாள்.

யாரைப் பார்த்துக்கொள்வது?

சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலில் ஒரு குரோட்டன்ஸ் செடி. துணி போட்டு மூடிய கிரைண்டர்.

மை மதர்-இன்-லா, என்று முடித்தாள்.

பிறகு 'கெட்' வந்தது. எழுப்பினாலும் 'கெட் அப்' ஆகாமல் புரண்டு படுக்க ஒரு மகன் வேண்டியிருந்தது. 'கம் பேக்' என்றால், ஆபீஸ் விட்டு யாராவது வீடு திரும்ப வேண்டாமா? ஒரு கணவர் திரும்பினார். 'கிவ் அப்' வந்த அன்று அவர் சிகரெட்டை விட்டார். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பொற்கொடி விடாமல் கேட்பாள். தைலம் தேய்த்ததை இவளும் விடாமல் சொல்வாள்.

இப்போது எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும்.

வழியா இல்லை? அவருக்குச் சேலத்தில் ஆபீஸ் வேலை. மகன் நண்பர்களோடு ஊட்டி. மாமியார் மகள் வீட்டுக்கு.

"மை மதர்-இன்-லா..."

முழங்கால் வலியோடு அந்தக் கிழவியை எந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவது?

"ஹலோ? மேடம்? ஆர் யூ தேர்?"

"வீட்ல யாருமில்லைங்க," என்றாள், தமிழில். "எப்பவும் நா மட்டுந்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்கள்.

"தெரியும்க்கா."

இத்தனை நாள் மேடம். இன்றைக்குத்தான் அக்கா.

"நாமளும் தெனம் பேசுதோம். உங்க வீட்ல ஒருத்தர்கூட ஒரு இருமல் இருமலையே."

இவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளன வந்துருவேன். ரெண்டு பேருக்கு மட்டும் இட்லிக்குப் போடுங்க, போதும்."

போன் அடங்கியது.

கிரைண்டர் மேலிருந்த துணியை உருவினாள். தூசி பறந்தது. ஒரு ஆளுக்கு எதற்கு, கடை மாவு போதும் என்று எப்போதோ மூடியது.

அரிசி டப்பாவைத் திறந்து, டம்ளரை உள்ளே விட்டாள்.

ரெண்டு பேருக்கு எவ்வளவு?

கை அரிசிக்குள்ளேயே இருந்தது.