எடை மிஷினில் ஒரு ஷூ

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

எங்கள் ஸ்கூல் மல்யுத்த கோச் பதினோரு வருடமாகத் தோற்காதவர். ஆபீஸ் அலமாரியில் பதினோரு ஷீல்டு. பன்னிரண்டாவதை வாங்கித் தரவேண்டியவன் என் அண்ணன். ஐம்பத்தேழு கிலோ பிரிவு. எடை ஏறிவிடக் கூடாதென்று மூன்று நாளாக எச்சிலைக்கூட விழுங்காமல் பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தான். என்ன ஒரு வைராக்கியம்.

நேற்று ஃபைனலுக்கு முன் எடை பார்த்தார்கள். நானூறு கிராம் அதிகம். போட்டியில் இறங்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஷீல்டு போச்சு.

அண்ணன் எடை சரியாகத்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். நடுவர் நம்பரைக் குனிந்து பார்க்கும்போது, பின்னால் நின்ற கோச்சின் ஷூ நுனி மிஷின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். விஷயத்தைச் சொன்னேன். "உன் மிமிக்ரியை வேற எங்கயாவது வச்சுக்கோ" என்றான்.

கூடவே இருந்து குழி பறித்த ஆளை இன்னும் தெய்வம் என்கிறான். விடுவேனா?

நான் யார் குரலிலும் பேசுவேன். அம்மா குரலில் அப்பாவைக் கடைக்கு விரட்டியிருக்கிறேன். ஹெட்மாஸ்டர் குரல் ரொம்ப சுலபம். மூக்கை அடைத்துக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு 'புரியுதா' போட்டால் போதும்.

இன்று மத்தியானம் கோச்சுக்கு போன் போட்டேன்.

"ஹெட்மாஸ்டர் பேசறேன். நேத்து அந்த எடை மிஷின் மேல யார் கால் இருந்துச்சு? மறைச்சா நடக்கறதே வேற, புரியுதா?"



"என் கால்தான் சார்."

இவ்வளவு சீக்கிரம் மாட்டுவார் என்று நினைக்கவில்லை. எனக்கு ஒரே குஷி.

"சொந்த டீம் பையனுக்கே துரோகமா? யாருக்காகப் பண்ணீங்க, புரியுதா?"

"அந்தப் பையனுக்காகத்தான். மூணு நாளாப் பச்சைத் தண்ணி பல்லுல படல. ஸ்வெட்டருக்குள்ள பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு ஓடியிருக்கான். முந்தாநாள் காலைல டிரஸ்ஸிங் ரூம்ல விழுந்து கிடந்தான். நான்தான் தூக்கினேன். இறங்காதடான்னா, செத்தாலும் இறங்குவேங்கறான்."

எனக்கு 'புரியுதா' வரவில்லை.

"முதல் ஷீல்டு வாங்கிக் கொடுத்தவனும் இப்படிப் பட்டினி கிடந்துதான் இறங்கினான். கை தட்டினது நான். இப்ப கிட்னி ரெண்டும் போய், வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரி மிஷின்ல படுத்திருக்கான். இன்னொருத்தனுக்குக் கை தட்ட என்னால முடியல."

"டீம்லேருந்தே எடுத்திருக்கலாமே?" மூக்கை அடைக்க மறந்துவிட்டேன்.

"எடுக்கறேன்னு ஹெட்மாஸ்டர் ரூம்ல போய் நின்னேன். 'எனக்கு ஷீல்டு வேணும், அவன் இறங்கியே ஆகணும், புரியுதா'ன்னுட்டார்."

"நான்தானே ஹெட்மாஸ்டர்?" என்றேன், அவசரமாக மூக்கை அடைத்து.

"இல்லடா தம்பி. அவர் எனக்கு எதிர்ல உட்கார்ந்து என் ராஜினாமாவைப் படிச்சிட்டிருக்கார். நீ போனை வச்சிட்டு அண்ணனுக்குத் தண்ணி குடு."