612ஆம் நம்பர் டோக்கன்

தங்கவயல் சுரங்கத்தில் ஹரோல்ட் டோக்கன் கிளார்க்காக இருந்தவர். கீழே இறங்குகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஷிப்ட் முடிந்த பிறகும் 612 மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வயது ஏகாம்பரத்தினுடையது. மறந்துபோய் வீட்டுக்குப் போயிருப்பான் என்று ஹரோல்ட் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் வீட்டுக்குப் போகவில்லை. பலகை காலியாக இருந்ததால் கீழே யாரும் தேடவும் இல்லை. ஹரோல்ட் வாயைத் திறக்கவில்லை.

முப்பது வருஷம் கழித்து, சாயங்கால போலீஸ் சீரியலில், ஓய்வுபெறப் போகும் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் அந்த டோக்கன் இருந்தது. ஹரோல்ட் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். டோக்கனைச் சுற்றி வைத்த துணி மட்டும் இருந்தது.

"ரிட்டையர் ஆறதுக்குள்ள இந்தக் கேஸை முடிப்பேன்" என்று இன்ஸ்பெக்டர் தினமும் சொன்னார். ஹரோல்ட் சேனலை மாற்றப் போனால் மனைவி வின்னி விடவில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டார்கள். கேஸ் முடியவில்லை. ஹரோல்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் டோக்கனைப் புது அதிகாரியின் கையில் வைத்தார். தொப்பிக்குக் கீழே ஏகாம்பரத்தின் முகம். அதே இருபத்தாறு வயது. காதோரம் ஈர மண்.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றான்.

"சீரியல் முடிஞ்சிடும்னு பயந்தேங்க" என்றாள் வின்னி. "நல்லவேளை, திங்கக்கெழமைலர்ந்து இவருதானாம்."