இறக்கை வைத்த குண்டு

"இனிமே ஒரு பய என் காட்டுல கால் வைக்கக் கூடாது!"

ஹோல்கர் கத்திக்கொண்டே மரங்களுக்கு நடுவே வந்தார். சாயக் குண்டால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் ஆடிக்கொண்டிருந்த பதினாலு பேரும் துப்பாக்கி வாய்க்கு உறை மாட்டிவிட்டுத்தான் முகமூடியைக் கழற்றினார்கள். காட்டின் சொந்தக்காரரே வந்து கத்தினாலும் விதி விதிதான்.

அவர் உள்ளங்கையில் விரல் நகத்தளவுக்கு ஒரு துண்டு இருந்தது. அதில் சாய்வாக மூன்று இறக்கைகள், மேலெல்லாம் எச்சில்.

"என் பன்னி வாயிலேர்ந்து புடுங்கினேன். போன வருஷம் ஒண்ணைச் சாகடிச்சீங்களே, பத்தலையா?"

குழுவின் தலைவி போடிலுக்கு முகம் சிவந்துவிட்டது. போன வருஷம் பிளாஸ்டிக் குண்டின் வால் தொண்டையில் சிக்கி அவருடைய பன்றி ஒன்று செத்தது உண்மை. இன்னொரு துண்டு பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் குத்தகை ரத்து என்று அன்றே சொல்லிவிட்டார். இந்த ஓக் காட்டை விட்டால் குழுவுக்கு நாதி கிடையாது.

அதற்காகத்தானே குளிர்காலம் முழுக்க அவள் அடுப்படியில் வெந்தாள்? உருண்டைக் குண்டு நூறு அடி தாண்டினால் தன் இஷ்டத்துக்கு வளையும். இறக்கை வைத்தால்தான் சுழன்று நேராகப் போகும். உருளைக்கிழங்கு மாவையும், ஜெல்லி உறையப் போடும் ஜெலட்டின் தாளையும் காய்ச்சி, அச்சில் ஊற்றி, காயவைத்து, உள்ளே பீட்ரூட் சாற்றை நிரப்பி அவளே செய்தாள். இறக்கை உடைந்து குப்பைக்குப் போனது மட்டும் ஆயிரத்துக்குக் குறையாது.

அவ்வளவு பாடுபட்டும் எவனோ திருட்டுத்தனமாகப் பழைய பிளாஸ்டிக் குண்டைப் போட்டிருக்கிறான்! யாரென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"கிரெஸ்டன்! உன் வேலைதானே இது?"

பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கிரெஸ்டன் திருதிருவென்று முழித்தான். அவள் குண்டுகளை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு, "சண்டைக்குப் போறோமா, கல்யாண விருந்துக்கா?" என்று கேலி பண்ணியவன் அவன்தான். அதை அவள் மறக்கவில்லை.

"சத்தியமா இல்ல போடில். அது நீ செஞ்சதுதான். நான் ரொம்ப நாளா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"வாயை மூடு!"

அவன் இடுப்புப் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். முப்பது குண்டும் பீட்ரூட் சிவப்பு. ஒன்றில்கூடப் பிளாஸ்டிக் இல்லை.

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. மெல்ல ஹோல்கர் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரே, இது பிளாஸ்டிக்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"யாராவது சொல்லணுமா? எனக்குக் கண்ணு இல்ல?"

போடில் அவர் கையிலிருந்த துண்டை வெடுக்கென்று எடுத்தாள். பன்றி எச்சிலோடு அப்படியே வாயில் போட்டு, கடக் கடக்கென்று மென்று, முழுங்கி, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

ஹோல்கர் பக்கத்தில் விழுந்துகிடந்த மரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீயே செஞ்சதா? தின்னலாமா?"

"தின்னலாம். மழை பெஞ்சா கரையும். பத்து நாள்ல மண்ணோட மண்ணாயிடும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்க வாய் வரல, கத்த மட்டும் வருதா? முதல்ல மன்னிப்புக் கேளுங்க."

"போடில், இப்பவாவது நான் சொல்றதை..." என்றான் கிரெஸ்டன்.

"உன்னை வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்!"

ஹோல்கர் தொப்பியைக் கழற்றினார். "தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ. நான் பயந்துட்டேன். ஒரு வாரமா நாப்பது பன்னியும் வேலியை முட்டிக்கிட்டு வந்து இதைத்தான் பொறுக்கித் தின்னுதுங்க. கீழ விழுந்த ஓக் கொட்டையைக்கூடத் திரும்பிப் பாக்கல. எல்லாம் தொண்டையில சிக்கிச் செத்துரும்னு நெனச்சேன்."

"சாகாது. நல்லாக் கொழுக்கும்."

"குத்தகையை அஞ்சு வருஷத்துக்கு எழுதிக்கலாம். திங்கக்கிழமை வீட்டுக்கு வா."

பின்னாலிருந்து கைதட்டல் எழுந்தது. போடிலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் முகத்தை இளக்கிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இவர் தலைகுனிந்தே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்று எழுந்தார் ஹோல்கர். "செவ்வாய்க்கிழமை பண்ணையைச் சோதிக்க ஆள் வர்றாங்க. இதுல என்னென்ன போட்டேன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு. கொட்டை, புல்லு, கிழங்குதான் தீனி, மாமிசம்னு ஒரு துணுக்குகூட என் பன்னிங்க தொடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் விக்கிறேன். அதுல பிசகுச்சுன்னா ஒரு பன்னியைக்கூட எவனும் வாங்க மாட்டான். பண்ணையே போயிரும்."

"மாமிசமா?" போடில் ஏளனமாகச் சிரித்தாள். "உருளைக்கிழங்கு மாவு, பீட்ரூட், கடையில விக்கிற ஜெலட்டின் தாள். அவ்வளவுதான். எத்தனை சீட்டு வேணும்?"

கிரெஸ்டன் குனிந்து, அவள் கொட்டிய குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் அனுமதி கேட்கவில்லை.

"எங்க ஃபேக்டரியில உரிக்கிற பன்னித் தோல்லதான் அந்த ஜெலட்டின் தாளைச் செய்யறாங்க போடில்."