சர்க்கரை டப்பா காத்திருந்த அழுகை

அடுப்பு மேடையில் சர்க்கரை டப்பாவுக்குத்தான் ராஜமரியாதை. "நான் இல்லாம நம்ம குட்டி பாலைத் தொடுமா?" என்று ஸ்பூனிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

ஒரு வாரமாக அம்மா குழந்தையின் பாலில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு ஸ்பூன் ஒன்றாகி, ஒன்று அரையாகி, இன்றைக்கு ஒன்றுமே போடவில்லை.

டப்பா ஸ்பூனிடம் கிசுகிசுத்தது. "என்னைப் பரண்ல ஏத்திடுவாங்களோ? இருக்கட்டும், இப்போ குட்டி அழுற அழுகையில வீடே அதிரும் பாரு!"

குழந்தை ஒரு வாய் குடித்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தது. மிச்சத்தையும் மடமடவென்று குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு "இன்னும்!" என்றது.

ஸ்பூன் விழுந்து விழுந்து சிரித்தது. "உன் கதை முடிஞ்சுது, அண்ணே!"

டப்பா மூடியை இறுக்கிக்கொண்டது. அம்மாவோ குழந்தை குடித்துவிட்ட உற்சாகத்தில் அப்பாவுக்கும் சர்க்கரை போடாத டீயைக் கொண்டுபோனாள்.

கூடத்திலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. "செண்பகம்! இதை மனுஷன் குடிப்பானா? எனக்கு வேண்டாம் போ!" தரையில் புரண்டு காலை உதைக்காத குறைதான்.

டப்பா மூடி தெறிக்கத் துள்ளியது. "கேட்டியாடா ஸ்பூனு! எனக்காக அழ இன்னும் ஒரு குழந்தை இருக்குடா!"